சிவப்புப் புள்ளி போட்ட அறை

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், சம்பந்தம் பேசிவைத்த இமெல்டா அக்கா கிருபானந்தனுக்குக் கடைசிப் பாடத்தை நடத்தினார்.

"இஞ்சை பார் தம்பி. நாங்கள் வந்தது செத்துப்போன அருமைராசா அண்ணையின்ரை ரிவோல்வரைப் பாக்க. பொம்பிளை பாக்க இல்லை. விளங்குதோ?"

"அப்ப என்னத்துக்கு அக்கா எனக்கு டை கட்டிவிட்டனீங்கள்?"

"வாயை மூடு. பெட்டை பிடிச்சிருந்தால், துவக்கு நல்லமெண்டு சொல்லி எடு. பேந்து அந்தப் பேப்பர் இந்தப் பேப்பரெண்டு நாலு தரம் வந்து போகலாம். மிச்சம் தன்ரை பாட்டிலை நடக்கும். பிடிக்கேல்லையெண்டால் துவக்குச் சரியில்லையெண்டு சொல்லிப்போட்டு எழும்பு. ஒருத்தற்றை முகமும் கறுக்காது."

"அவைக்கும் இது தெரியுமோ?"

"இலட்சுமிப்பிள்ளை அக்காவும் நானும் ஃபோனிலை கதைச்சு முடிச்சதுதானே. அஜந்தாவுக்கு மட்டும் சொல்லேல்லையாம். அந்தப் பெட்டைக்கு இந்த நாடகங்கள் பிடிக்காதாம்."

கிருபானந்தனுக்கு முப்பத்தெட்டு வயது. திருகோணமலைக்காரன். புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தலைமயிர் நெற்றியைவிட்டுப் பின்வாங்கத் தொடங்கிப் பல காலம். எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அது இணங்கவில்லை. இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளப் பெண்வீட்டார் ஆயத்தமாகத்தான் இருந்தார்கள். அவர்களால் பொறுக்க முடியாமல் போனது அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளைத்தான்.

கிடங்கில் கூட வேலை செய்யும் மார்செல், பொழுது போகட்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் இருந்த காலம் முழுக்கத் துவக்குகளின் பிழையான பக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு நின்றவன் கிருபானந்தன். யார் யாரோ பிடித்திருந்தார்கள், எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் பிடித்திருந்தார்கள். கிளப்பில் முதல் தடவையாக மற்றப் பக்கத்தில் நின்றான். எதிரே ஒரு கடதாசி வட்டம். அது அடையாள அட்டை கேட்கவில்லை. திருப்பிச் சுடவும் இல்லை. ஆளுக்குப் பிடித்துப்போயிற்று. லைசென்ஸ் எடுத்தான், சின்னதாக ஒரு பிஸ்டல் வாங்கிப் பதிந்தான், பெரிய ரவை போடுகிற ரிவோல்வர் ஒன்று வாங்கவேண்டுமென்று ஆசையும் பட்டான்.

செய்தி மொன்றியல் தமிழர்களிடையே தடிமனைவிட வேகமாகப் பரவியது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முறிந்தன. "துவக்குக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். இனித் துவக்கு வைச்சிருக்கிறவனுக்கோ பிள்ளையைக் குடுக்கிறது?" கேள்வி நியாயமாக இருந்தபடியால் கிருபானந்தனுக்குக் கோபிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

துவக்கைக் கண்டு பயப்படாத தமிழ் வீடு இந்த மொன்றியல் தீவு முழுக்க ஒன்றே ஒன்றுதான். மட்டக்களப்பு அருமைராசா அதே கிளப்பின் பழைய அங்கத்தவர். போன இலையுதிர் காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். மனைவி இலட்சுமிப்பிள்ளையும் மகள் அஜந்தாவும் அவருடைய ரிவோல்வரும் மிஞ்சின. இந்த வீடும் சரிவராவிட்டால், கடைசிமட்டும் கிடங்கிலும் கிளப்பிலும் மார்செலின் மூஞ்சையைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்று கிருபானந்தனுக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் திறந்த இலட்சுமிப்பிள்ளை அவனைப் பேசவே விடவில்லை.

"வாங்க மனே, உள்ளுக்கு வாங்க. சப்பாத்தக் கழட்டித் தாங்க. எல்லாம் நனைஞ்சு கிடக்கு. கீழ ஹீற்றருக்குக் கிட்ட வைக்கிறன்."

மாசி மாதப் பனியில் ஊறிய சப்பாத்துகளை வாங்கிக்கொண்டு அவர் நிலவறைக்கு இறங்கினார். கிருபானந்தன் காலுறையோடு நின்றான். ஒன்றின் பெருவிரல் பக்கத்தில் ஓட்டை. டை கட்டிவிட்ட இமெல்டா அக்கா அவ்வளவு கீழே பார்க்கவில்லை. ஓட்டையை மற்றக் காலால் மிதித்து மறைத்துக்கொண்டு சோபாவில் இருந்தான். அது பழைய சோபா. இருந்தவனை இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு பக்கம் இமெல்டா அக்கா. மடியில் பயத்தம் பணியாரத் தட்டு. கொஞ்சத்தில் வெளியே இன்னொரு கார் வந்து, அவனுடைய காருக்கு நேர் பின்னால், வெளியே எடுக்க வழியில்லாமல் ஒட்டி நின்றது.

வந்தவர் சிவநேசம். இலட்சுமிப்பிள்ளையின் தங்கை புருசன், யாழ்ப்பாணத்தவர், வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். கோட்டைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"தம்பி, நல்ல சாமான். ஒரே ஓனர். வடிவாப் பராமரிச்சது. இப்பிடியொண்டு மார்க்கெட்டுக்கு வந்தால் ரெண்டு நாள் நிக்காது."

துவக்கைச் சொல்கிறாரா, பெண்ணைச் சொல்கிறாரா என்று ஒரு கணம் கிருபானந்தனுக்குக் குழம்பியது. "ஓம்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தான்.

அப்போதுதான் அஜந்தா நிலவறையிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியோடு ஏறி வந்தாள். கார்டரியில் பிள்ளைகள் பார்க்கிற வேலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும்; சுவெட்டரில் யாரோ ஒரு சின்னப்பிள்ளை ஒட்டிவிட்ட மஞ்சள் நட்சத்திரம். அவள் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். விசைப் பூட்டைக் கழற்றினாள். குழலை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பிச் சிலிண்டரைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்தாள். ரவை போடுகிற ஆறு அறையும் வெறுமை என்று முதலில் தான் பார்த்து, பிறகு அவனுக்குக் காட்டி, திறந்தபடியே பிடிப்பக்கத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

கிருபானந்தன் அங்கேயே விழுந்துவிட்டான். சோபாவுக்குள் ஏற்கெனவே விழுந்துகிடந்ததால் வெளியே தெரியவில்லை. கிளப்பில் வருசக்கணக்காகச் சுடுகிறவர்கள்கூட இவ்வளவு பக்குவமாகத் துவக்கைக் கைமாற்றுவதில்லை.

"அப்பாவோட போறதுக்காக நானும் லைசென்ஸ் எடுத்தனான்," என்றாள். பிறகு அவன் கழுத்தைப் பார்த்தாள். "டை துவக்குக்காகவா?"

"இமெல்டா அக்காவுக்காக."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்தாத சிரிப்பு. "தேத்தண்ணி போட்டுட்டு வாறன். நல்லாப் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அந்த ஒரு நிமிசத்தில் கிருபானந்தன் முடிவெடுத்துவிட்டான். துவக்கு நல்லது. பார்க்கத் தேவையில்லை, நல்லது. ஆனாலும் சும்மா பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும், அதற்குத்தானே வந்தது.

மார்செல் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தான். பழைய ரிவோல்வர் வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காதே, சிலிண்டர் குழலோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று பார். சிலிண்டரை மூடி, பின்னால் சுத்தியல்போல வந்து அடிக்கிற குதிரையை இழுத்து நிறுத்திவிட்டு, சிலிண்டரை விரலால் ஆட்டிப்பார். இலேசாக அசைந்தால் பரவாயில்லை. முன்னும் பின்னும் போய்வந்தால் யோசி.

ஆட்டிப்பார்த்தான். அது முன்னும் பின்னும் போய்வந்தது. பஸ்ஸில் தூங்குகிறவன் தலை மாதிரித் தாராளமாகப் போய்வந்தது.

"என்ன தம்பி, இறுக்கமா இருக்கோ?" என்றார் சிவநேசம்.

"பாப்பம் அண்ணை."

சட்டைப் பையிலிருந்து தகட்டு அளவியை எடுத்தான். கத்தி மாதிரி மடங்கியிருக்கும் மெல்லிய தகடுகள், ஒன்றைவிட ஒன்று மயிரளவு தடிப்பு. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதற்குள் மெல்லிய தகடு போகவேண்டும், தடித்தது போகக்கூடாது. மெல்லியது போயிற்று. அடுத்தது போயிற்று. போகவே கூடாது என்று மார்செல் பேனையால் கோடு போட்டுத் தந்த தகடு, கூப்பிடாமலே கலியாண வீட்டுக்குள் நுழைகிறவன்போல ஒய்யாரமாக உள்ளே போயிற்று.

கிருபானந்தன் தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப்பார்த்தான்.

"மனே, பணியாரம் எடுக்கவே இல்லையே," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "வடிவாச் சாப்பிடுங்க. எங்கட ஊருல கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்ணுட வீட்ட வந்து இருக்கிற. நான் பொதுவாச் சொல்றன். கீழ ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ஹீற்றரும் போட்டிருக்கன்."

தன்னுடைய சப்பாத்துகள் ஏற்கெனவே குடியேறிவிட்டன என்று கிருபானந்தன் நினைத்துக்கொண்டான்.

இனி ஒவ்வொரு அறையாகப் பார்க்கவேண்டும். சிலிண்டரில் ஒரு விரலை இலேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, குதிரையை மெள்ள மெள்ள இழுத்தான். குதிரை முழுதாக நிமிரும் முன்பே சிலிண்டர் 'டக்' என்று தன் இடத்தில் பூட்டிக்கொள்ளவேண்டும். ஒன்று பூட்டிக்கொண்டது. அடுத்ததும் பூட்டிக்கொண்டது. இன்னொரு அறை வந்தபோது குதிரை நிமிர்ந்துவிட்டது, 'டக்' வரவில்லை. சிலிண்டர் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அந்த அறையின் விளிம்பில் மிளகளவு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஏதோ பெயின்ட் தெறித்திருக்கிறது என்று நினைத்தான்.

பணியாரத் தட்டிலிருந்த வெள்ளை ரிசுக் கடதாசியில் ஒரு துண்டைக் கிழித்துச் சிலிண்டருக்குப் பின்னால் செருகி, சின்ன டோர்ச்சால் பக்கத்தில் வெளிச்சம் அடித்து, குழலின் முன்பக்கத்தில் கண்ணை வைத்தான்.

"ஐயோ தம்பி!" என்று சிவநேசம் கதிரையோடு பின்னால் போனார்.

"வெறுந்துவக்கு அண்ணை. அஜந்தா காட்டினவதானே."

குழலின் மறுமுனையில் முழு வட்டம் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தது ஒரு பக்கம் இரும்பு மறைத்த வட்டம்; வளர்பிறை மாதிரி ஒரு விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. இந்த அறையில் ரவை போட்டுச் சுட்டால் அது குழலுக்குள் நேரே போகாது. அந்த விளிம்பில் சீவுப்பட்டு, ஈயச் சிராய்களைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல் விசிறும். இவ்வளவு பெரிய ரவைக்கு அதற்குமேலும் என்ன நடக்குமென்று மார்செல் ஒரு கதை சொல்லியிருந்தான். அதை இப்போது நினைக்க விரும்பவில்லை.

துவக்கை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். மூன்று முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேறு யாரிடமென்றால் "இது ஆபத்து, கொண்டுபோய் ஒப்படையுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பான். இங்கே துவக்குச் சரியில்லை என்று சொன்னால் பெண் வேண்டாமென்று பொருள். எனக்கு இது கொஞ்சம் பெரிசு என்றாலும் அதே பொருள். யோசித்துச் சொல்கிறேன் என்றால், அதைவிட மரியாதையாக அதே பொருள். ஓடிப்போக ஒரு வாசல் வைத்து இமெல்டா அக்கா கட்டின வீடு இது. உள்ளே இருக்க விரும்புகிறவனுக்கு ஒரு யன்னல்கூட வைக்கவில்லை. சப்பாத்து நிலவறையில். கார் அடைபட்டுக் கிடக்கிறது. சோபா இடுப்பைப் பிடித்திருக்கிறது. இமெல்டா அக்காவின் முழங்கால் அவன் முழங்காலை இடித்து, சொல்லு சொல்லு என்றது.

ஒரு வழி தெரிந்தது. எடுத்துவிடுவோம். எடுத்து, துவக்குத் திருத்துகிறவனிடம் கொடுத்து, ஒருத்தருக்கும் தெரியாமல் சரிபண்ணிவிடுவோம். முதல் பிள்ளை பிறந்தபிறகு உண்மையைச் சொல்லலாம். இது பொய் இல்லை. தவணை முறையில் கட்டுகிற உண்மை.

"நல்ல துவக்கு," என்றான். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "எடுக்கிறன்."

அறை மூச்சுவிட்டது. சிவநேசம் பாய்ந்து கையைக் குலுக்கினார். "நான் சொன்னன்தானே, ரெண்டு நாள் நிக்காதெண்டு!" இமெல்டா அக்கா கண்ணை மூடி யாரோ ஒரு புனிதருக்கு நன்றி சொன்னார். இலட்சுமிப்பிள்ளை, "வாயத் திறங்க மனே," என்று ஒரு கற்கண்டுத் துண்டைப் போட்டேவிட்டார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த அஜந்தா வாசலில் நின்றுவிட்டாள்.

"எடுக்கிறீங்களா?"

வாய்க்குள் கற்கண்டு. தலையை ஆட்டினான்.

"நல்லாப் பாத்தீங்களா? ஆறு அறையையும்?"

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று கற்கண்டைக் கசக்க வைத்தது. அவளுக்குத் தெரியும். கிருபானந்தனுக்கு அது உச்சந்தலையில் உறைத்தது. மறைக்க மயிரும் இல்லை. பார்த்தேன், நல்லது என்று இப்போது சொன்னால் அவன் துவக்கென்றால் என்னவென்று தெரியாத மடையன். பார்த்தேன், கூடாது என்று சொன்னால் ஒரு நிமிசத்துக்கு முன்னால் வாய் கூசாமல் பொய் சொன்னவன். இரண்டில் எந்த ஆளுக்குப் பெண் கொடுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தான். கற்கண்டைக் கடிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அஜந்தா தட்டை வைத்துவிட்டு, அவன் மடியிலிருந்த ரிவோல்வரை எடுத்தாள். சிலிண்டரைத் திறந்து அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

"இது என்ட நகப்பூச்சு. அப்பா கேட்டு வாங்கிப் போட்டவர். இந்த அறையில ரவை போடக்கூடாதெண்டு அடையாளம். அஞ்சுதான் போட்டுச் சுடுவார்." சுவெட்டர்க் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு. "இது புள்ளி போட முந்தி. நான் பக்கத்தில நிண்டனான்."

இலட்சுமிப்பிள்ளை மகளுடைய கையைப் பிடித்தார். "எண்ணெய் தெறிச்சதெண்டு சொன்னீங்களே, ரெண்டு பேரும்."

"அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னவர். சொன்னா நீங்க துவக்கத் தூக்கி எறிஞ்சிடுவீங்களாம்."

"எறிஞ்சிருப்பன்தான். அவரையும் சேத்து." சொல்லிவிட்டு அந்தத் தழும்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார். செத்துப்போனவரிடம் கோபித்துக்கொள்ள எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாததுபோல ரிவோல்வரைப் பார்த்தார்.

அஜந்தா கிருபானந்தன் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியேல்லையா?"

கற்கண்டை ஒரேயடியாக விழுங்கினான். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கிற்று. மடையன் என்றால் அவள் இரங்குவாள். அதோடு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பெண்ணிடம் மடையனாக நிற்பதைவிடப் பொய்யனாக நின்று போவது மேல் என்று, ஏனென்று தெரியாமலே, பட்டது.

"தெரியும்," என்றான். "புள்ளி போட்ட அறை குழலுக்கு நேரை வரேல்லை. சிலிண்டரும் முன்னுக்குப் பின்னுக்குப் போகுது. இடைவெளியும் கூட. மற்ற அறைகளும் கன நாளைக்குத் தாங்காது. இதைச் சுடவே கூடாது."

"அப்ப ஏன் நல்லமெண்டு சொன்னீங்க?"

இமெல்டா அக்காவின் முழங்கால் அவன் முழங்காலில் ஒரு இடி இடித்தது. அதற்குக் கட்டாயம் வாயை மூடு என்றுதான் பொருள். வாழ்நாளில் இமெல்டா அக்காவின் சொல்லை முதல் தடவையாகத் தட்டினான்.

"சரியில்லையெண்டு சொன்னால் உங்களைப் பிடிக்கேல்லையெண்டு அர்த்தமாம். அக்காவும் உங்கடை அம்மாவும் ஃபோனிலை கதைச்சு வைச்சது. எனக்கு..." காது சுட்டது. "துவக்குத்தான் சரியில்லை."

இப்படியான வீடுகளில் இப்படியான சொற்களை ஒருத்தரும் வெளியில் எடுப்பதில்லை. அவை கீழே விழுந்து நடுக்கம்பளத்தில் கிடந்தன, எடுக்க யாருக்கும் குனியத் தைரியம் வரவில்லை. இமெல்டா அக்கா கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ மும்முரமாகத் தேடினார். சிவநேசம் சுவரைப் பார்த்து அதன் விலையைக் கணித்தார்.

அஜந்தா தாயைப் பார்த்தாள். "ஃபோன்ல கதச்சீங்களா?"

"உன்னட்டச் சொன்னா நீ ஒத்துக்கொள்வியா, புள்ள?" என்றார் இலட்சுமிப்பிள்ளை. தழும்பிருந்த கையை அவர் இன்னும் விடவில்லை. "நீயும் அப்பாவும் மட்டும் எனக்குக் கத விடலாமா?"

அஜந்தா கையை மெள்ள விடுவித்துக்கொண்டாள். ரிவோல்வரின் சிலிண்டரை மூடி, பூட்டைப் போட்டு, பெட்டிக்குள் வைத்தாள்.

"இத பொலிசுக்கே குடுத்திடுவம்," என்றார் இலட்சுமிப்பிள்ளை. குரல் தாழ்ந்திருந்தது. "ஃபோன் எடு. வந்து கொண்டு போகட்டும். ஒருத்தர்ட கையிலயும் இது போக வேணா."

"சரி அம்மா."

ஆக, துவக்கு விற்பனை முடிந்தது. வந்த காரியமும் முடிந்தது என்று கிருபானந்தன் தனக்குள் சொல்லிக்கொண்டான். எழும்பப் பார்த்தான், சோபா விடவில்லை. இரண்டாம் தரம் உந்தியபோது எழுந்துவிட்டான், ஓட்டைக் காலுறை எல்லோர் பார்வைக்கும் வந்தது. இனி மறைத்தென்ன. அஜந்தா அந்தப் பெருவிரலையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சிவநேசம் நிலைமையை விளங்கிக்கொண்டவராக எழுந்து கார்த் திறப்பைக் குலுக்கினார். "தம்பிக்கும் நேரம் போகுது. நான் என்ரை காரைப் பின்னுக்கு எடுத்து விடுறன்."

"வேணாம் சித்தப்பா," என்றாள் அஜந்தா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளில் ஒன்றை எடுத்து, அவன் எழுந்துவந்த இடத்துக்கு முன்னால் வைத்தாள்.

"இப்ப எடுக்காதீங்க. வெளியில பனி கொட்டுது."

கிருபானந்தன் யன்னலைப் பார்த்தான். வானம் கழுவித் துடைத்த கோப்பை மாதிரிச் சுத்தமாக இருந்தது. முன்வீட்டுக் கூரையில் வெயில் பளபளத்தது. இமெல்டா அக்காவும் கைப்பையிலிருந்து தலையைத் தூக்கி யன்னலைப் பார்த்தார். சிவநேசமும் பார்த்தார். பார்த்துவிட்டுத் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் இருந்தார்.

"ஓம் ஓம்," என்றார். "நல்லாத்தான் கொட்டுது."

கிருபானந்தன் திரும்பவும் சோபாவுக்குள் இறங்கினான். அது அவனை இடுப்புவரை இழுத்துக்கொண்டது.

"அப்ப சப்பாத்து கீழயே கிடக்கட்டும், மனே," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "இன்னும் காஞ்சிருக்காது."